தெருக்குத்து வீடு

நம் வயதுக்காரர்கள் மத்தியில் என்மேல் ஒரு புகார் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன். வந்தவன் பாயசத்தைத் தொடுவதற்கு முன் ஜன்னல்களை எண்ணுகிறேன். எண்ணிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன். உண்மைதான். சென்ற வாரம் நம்மில் ஒருவர், மகன் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் சக்தி ஓட்டம் சரியில்லை என்று யாரோ சொன்னதாகவும், அதனால் கிழக்குப் பக்கத்து பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டதாகவும் சொன்னார். என் கையிலிருந்து டம்ளர் நழுவி, காபி வேட்டியில் கொட்டியது. சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் மிட்டாய் கொடுத்தீர்கள். சர்க்கரை அல்ல. காரணத்தை இதுவரை உங்களில் ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். எழுதினால் மனம் ஆறும் என்று எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தக் கண்ணாடியைக் கழற்றச் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

எண்பதுகளின் முற்பகுதி. நான் ஆறாம் வகுப்பு. அப்பா திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். ஊரில் இருந்த பங்கு நிலத்தை அண்ணனிடமே விட்டுவிட்டு, திண்டிவனத்தின் ஓரத்தில், வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையாக இருந்து மனைகளாகப் பிரிந்த ஓரிடத்தில் வீடு கட்டினார். மெத்தை வீடு. மொட்டை மாடி போட்ட வீட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தை மாதம் குடிபோனோம்.

வீட்டை உங்கள் கண்முன் நிறுத்திவிடுகிறேன். கிழக்குப் பார்த்தது. முன்பக்கத்தில் வடக்கே வாசற்கதவும் கூடமும். நடுவில் ஓர் அறை. தென்கிழக்கு மூலையில் அடுப்பங்கரை. பின்னால் இன்னோர் அறை, நெல்லும் மூட்டைகளும் போட. கதவுகள் நான்கு, ஜன்னல்கள் எட்டு. எல்லாவற்றுக்கும் பச்சை வர்ணம். எதிரே, கிழக்கிலிருந்து ஒரு தெரு அம்பு போல வந்து எங்கள் மனையோடு முடிந்தது. தெருவின் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அது நடு அறையின் கிழக்கு ஜன்னலில் வந்து முட்டும்.

அந்த அறை அம்மாவுடையது.

அம்மாவுக்கு மூச்சிளைப்பு. ஊரில் கீற்றுக் கொட்டகையில் இருந்த வரையில் பனிக்காலத்தில் ஒருமுறை வரும், முதல் மழையோடு ஒருமுறை வரும், தானாகப் போய்விடும். கீற்றுச் சுவரின் எல்லா இடுக்கிலும் காற்று புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்ததை அப்போது நாங்கள் ஏழ்மை என்று நினைத்திருந்தோம். புது வீட்டின் சுண்ணாம்பு வாசனை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தும்மினாள், இருமினாள், ஆனால் சந்தோஷமாக இருந்தாள். அந்த ஜன்னல்தான் காரணம்.

மத்தியானத்தில் அந்தப் பகுதியே வாணலி மாதிரி காயும். நாலு மணி வாக்கில் தெருவின் கிழக்குக் கோடியில் புழுதி லேசாக எழும். பிறகு நடுத்தெரு வீடுகளின் கொடிகளில் காயும் துணிகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தூக்கும். அடுத்த கணம் எங்கள் ஜன்னலில் தொங்கிய பழைய தாவணித் துணி உள்ளே பறந்து அம்மாவின் முகத்தில் படும். மரக்காணம் பக்கத்துக் கடலிலிருந்து வரும் காற்று. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைக் கொஞ்சம் திறந்து அதைக் குடிப்பாள்.

"நாலு மணி மரக்காணம் வண்டி வந்துடுச்சு பாருடா. டைமுக்கு வருது. ஒங்கப்பா வண்டிதான் தெனமும் லேட்டு."

நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும், நிலத்தின் மேல் உள்ள காற்று எழும்பிப் போன இடத்துக்குக் கடலின் காற்று வரும் என்று அந்த வருஷமே எனக்குப் பாடம் இருந்தது. இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்தத் தெரு ஒரு வாய்க்கால், எங்கள் வீடு அதன் கடைமடை என்று யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. தற்செயலாக அமைந்துவிட்டது. தற்செயலாக அமைந்ததை நாம் பாதுகாப்பதில்லை.

மாசி பாதியில் முதல் தடவையாக இளைப்பு பெரிதாக வந்தது. அக்கம்பக்கத்துக் களங்களில் மல்லாட்டை அடித்துக்கொண்டிருந்த சமயம். தெருவெல்லாம் செம்மண்ணும் தூசியும். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இறைத்தாள். நெஞ்சுக்குள் விசில் கேட்டது. அப்பா தன் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

டாக்டர் ஊசி போட்டார். "தூசி ஆகாது, பொகை ஆகாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எதிரே இருபது பேர் காத்திருந்தார்கள்.

அடுத்த நாள் எனக்குப் பள்ளி விடுமுறை. அப்பா என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். கண்டக்டருக்கு ஒரு கஷ்டம் வந்தால் அது அவருடையதாக மட்டும் இருக்காது; ஏறி இறங்குகிற எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. முன்பக்கத்தில் காய்க்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் தொடங்கினாள்.

"இன்னா கண்டக்டரே, மொகமே சரியில்ல?"

"வூட்ல ஒடம்பு சரியில்லம்மா. புது வூட்டுக்குப் போனதுலேர்ந்து மூச்சு வாங்கிக்கினே இருக்குது."

"புது வூடா? எந்தப் பக்கம் பாத்த வாசலு?"

"கெழக்கு."

"கெழக்குன்னா நல்லதாச்சே. எதிர்ல இன்னா இருக்குது?"

"தெரு."

"குறுக்கால போவுதா, நேரா வந்து முட்டுதா?"

அப்பா டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். "முட்டுது."

"அய்யய்யோ! தெருக்குத்து!"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள். டிரைவர் முன்னாலிருந்து, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நானே ஒருதபா சொல்லணும்னு நெனச்சேன். நீ கோச்சிக்குவன்னு வுட்டுட்டேன்."

கடைசி சீட்டிலிருந்து ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "எங்க சின்ன மாமனாரு வூட்டுக்கும் தெருக்குத்துதாங்க. ஒரே வருஷம். எரும செத்துச்சு, மாமனாரும் செத்தாரு."

"எது மொதல்ல?" என்றார் ஒரு கிழவர்.

"எரும."

"அப்ப மாமனாரு எரும போன ஏக்கத்துலகூட போயிருப்பாரு."

சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சற்று நேரம் கழித்து யாரோ கத்தினார்கள்: "யோவ் கண்டக்டரு, விக்கிரவாண்டி போச்சுய்யா! விசிலு அடிக்க மாட்டியா?"

அன்று விழுப்புரத்தில் இறங்கியதும் டிரைவர் சொன்ன மனை சாஸ்திரக்காரரின் விலாசத்தைத் தேடிப் போனோம். மனை பார்க்கிறவர் என்றால் விபூதியும் அதட்டலுமாக ஒருவர் இருப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். இவர் ஒல்லியாக, சாந்தமாக, கையில் குடையோடு இருந்தார். தட்சிணை கூட வாங்க மாட்டார். ஒரு டம்ளர் காபி போதும். அவரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சொல்ல முடிந்திருந்தால் இத்தனை வருஷம் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

வந்தார். வீட்டைக் கயிறு பிடித்து அளந்தார். நடு அறையின் வாசலில் நின்று, "தாயே, உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டு நுழைந்தார். ஜன்னலை நோக்கி நின்றார். சரியாக அந்த நேரம் காற்று வந்தது. அவர் தோள் துண்டு தூக்கிக்கொண்டது. கண்களை மூடி முகத்தில் வாங்கிக்கொண்டார். திறந்தபோது அவர் முகத்தில் பயம் இருந்தது.

"பாத்தீங்களா கண்டக்டர்? எம்மாம் வேகமா வருது பாருங்க. தெருவுல இருக்கற ஓட்டம் பூரா இந்த ஒரே எடத்துல வந்து குத்துது. மார்புக்கு நேரா. அதான் மார்புல நோவு."

அம்மா கட்டிலிலிருந்து சொன்னாள்: "இது கடக்காத்துங்க ஐயா. இது வந்தாத்தான் எனக்கு மூச்சே."

"அப்படித்தாம்மா தோணும். குடிக்கிறவனுக்குச் சாராயம் குடிக்கும்போது சொகமாத்தானே இருக்குது?"

காம்பவுண்டு சுவரில், தெருவைப் பார்த்தபடி ஒரு மாடம் கட்டிப் பிள்ளையார் வைக்க வேண்டும். அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும். வடகிழக்கு ஈசானிய மூலையில் பாரம் கூடாது, அங்கே நிற்கும் புங்க மரத்தை எடுத்துவிட வேண்டும். மூன்றே காரியம் சொன்னார். அப்பா தலையாட்டினார். அவருடைய முகம் பல நாளுக்குப் பிறகு தெளிந்தது. ஏனென்றால் டாக்டரும் தூசி ஆகாது என்றார், இவரும் தெருவை அடை என்கிறார். படிப்பும் சாஸ்திரமும் ஒரே ஜன்னலைக் கைகாட்டினால் ஒரு கண்டக்டர் வேறென்ன செய்வார்?

சாஸ்திரம் எழுதினவர்களும் முட்டாள்கள் அல்ல. நான் பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். தெருமுனை வீட்டில் புழுதி படியும், மழைத் தண்ணீர் புகும், கயிறு அறுத்த மாடு வந்து முட்டும். அந்தக் காலத்தில் அது நியாயமான எச்சரிக்கை. காரணம் உதிர்ந்துபோய் பயம் மட்டும் எங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டது.

புங்க மரத்தை வெட்ட வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டை அதன் நிழலிலேயே சாப்பிட்டார்கள். கொல்லையின் வரப்பில் எங்களுக்கு முன்பிருந்தே நின்ற மரம். காலையில் மாடியின் பாதியை அதுதான் மூடிக்கொண்டிருந்தது என்பது அது விழுந்த பிறகுதான் தெரிந்தது. மறுநாளிலிருந்து கூடத்துத் தளம் சூரியன் ஏறும்போதே காய ஆரம்பித்தது. தேனீக்கள் சில நாள் அந்த வெற்றிடத்தையே சுற்றிக்கொண்டிருந்தன.

ஜன்னலை அடைக்க, வீட்டைக் கட்டிய அதே கொத்தனார் வந்தார். வாயாடி மனிதர்.

"வெச்ச கையாலயே அடைக்கச் சொல்றீங்களே கண்டக்டரே. டிக்கெட்டையும் குடுத்துட்டு நடுவழியில எறக்கி வுடற மாதிரி."

"ஜல்தி முடிய்யா. நான் அடுத்த ட்ரிப்புக்குப் போவணும்."

அம்மா அறையை விட்டுப் போக மறுத்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பச்சைக் கதவுகள் கழன்று சுவரில் சாய்ந்தன. கம்பிச் சட்டம் வெளியே வந்தது. செங்கல் ஒவ்வொரு வரிசையாக ஏற, கட்டிலின்மேல் விழுந்த வெயில் ஒரு போர்வையை மடிப்பது போலக் குறைந்துகொண்டே வந்தது. மேல் வரிசையில் இன்னும் சில கற்களே மீதி இருந்தபோது அவள் பேசினாள்.

"அண்ணே, ஒரே ஒரு செங்கல்லு எடம் வுட்டுடுங்கண்ணே."

கொத்தனார் கையில் கல்லோடு நின்றார். அப்பாவைப் பார்த்தார். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அப்பாவுக்கு அக்கா. அம்மாவுக்கு முடியாமல் போனதிலிருந்து எங்களோடு வந்திருந்து சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைக் குளிப்பாட்டியதும் அவள்தான், கால் அமுக்கியதும் அவள்தான். அத்தனை அன்போடு சொன்னாள்:

"ஓட்டைன்னா ஓட்டைதாம்மா. பெருசா இருந்தா இன்னா, சின்னதா இருந்தா இன்னா? குத்து அதுல வராதா?"

கடைசிக் கல் ஏறியது. அறை ஈரச் சிமெண்டு வாசனையோடு இருட்டிக்கொண்டது. பகலிலேயே பல்பு போட வேண்டியதாயிற்று.

இரண்டு வாரம் அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலை போல இருந்தது. மல்லாட்டை அறுவடை முடிந்து தூசி அடங்கியது. நாங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். பிறகு பங்குனி வெயிலோடு திரும்பவும் வந்தது, முன்னைவிடப் பெரிதாக. அப்போதுதான் அத்தை எண்ணினாள். என்னைப் போலவே அவளும் எண்ணுகிறவள். எங்கள் வம்சத்துக் குணம்.

"டேய் தம்பி, எட்டுல ஒன்னு போனா ஏழு. ஒத்தப்படைடா! ஜன்னலு ரெட்டப்படையிலதானே இருக்கணும்? அதான் கொறையல."

அம்மா மூச்சுக்கு நடுவே சிரித்தாள். "அண்ணி... அடைச்சதையும் சேத்து எண்ணிக்கோங்க. எட்டு வந்துடும்."

"செத்தவங்கள சேத்தா ரேஷன் கார்டுல எழுதறோம்?"

"அப்ப வேற எடத்துல... ஒன்னு தொறங்க. அதுவும் எட்டுதானே."

அதற்கு எதிராக அத்தையிடம் சாஸ்திரம் இல்லை. சித்திரை பிறந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மேல பாரம் தாங்குற லிண்டலு இல்லாத எடத்துல ஓட்ட போட்டா சுவரு பொளந்துக்கும் கண்டக்டரே. ஒன்ன அடைக்கிறது அரை நாளு வேலை. தொறக்கிறதுன்னா பேஜாரு." ஆகவே இன்னொன்றை அடைத்தார்கள். எதை அடைப்பது என்ற கேள்விக்கு, தெற்கு எமன் திசை என்று பதில் வந்தது. தெற்கில் இருந்தது ஒரே ஜன்னல், அடுப்பங்கரை ஜன்னல்.

அத்தை அடுப்புக்கு மல்லாட்டைத் தோலைத்தான் போடுவாள். சீமெண்ணெய் கிடைப்பது அரிது. தோல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அது எரிந்தால் மஞ்சளாக, கனமாக, தொண்டையைப் பிடிக்கிற புகை வரும். மேலே புகைபோக்கி இருந்தது. ஆனால் கீழே காற்று உள்ளே வந்தால்தான் புகை மேலே போகும். வழியில்லாத புகை சுவரைத் தடவிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போயிற்று. பக்கத்து அறை அம்மாவின் அறை. புகை ஆகாது என்று டாக்டர் சொன்னது அப்பாவுக்கு நினைவிருந்தது. அதனால் அம்மாவின் அறைக் கதவைச் சாத்தி வைக்கச் சொன்னார்.

ஆறு ஜன்னல், நான்கு கதவு. வைகாசியில் ஒரு மாலை அப்பா வேலை முடிந்து சீருடைகூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்று விரலால் சுட்டிச் சுட்டி எண்ணினார். பஸ்ஸில் யாரோ கேட்டிருக்கிறார்கள், கதவையும் ஜன்னலையும் கூட்டினால் என்ன வருகிறது என்று.

"பத்து," என்றார். "அக்கா, பத்து. சைபர்ல முடியுது, ஆவாதாம்."

இன்னும் இரண்டு ஜன்னல்கள் போயின. கூடத்தில் ஒன்று, பின்னறையில் ஒன்று. எட்டில் நான்கு. கணக்கு இப்போது எல்லா விதத்திலும் சரியாக இருந்தது.

அந்த வீட்டின் உட்புறத்தை எப்படிச் சொல்வது? தளத்திலிருந்து இறங்கும் சூடு, புகை, தைல வாசனை, ஈரச் சிமெண்டு. பேசினால் குரல் உடனே திரும்பி வரும். ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தபோது வாசற்கதவு சாத்தியிருந்தது, அதன் அடியில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. உள்ளே அம்மா வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, மூக்கையும் வாயையும் அந்த இடுக்கில் கொடுத்திருந்தாள். நான் வெளியிலிருந்து கதவைத் தள்ளப் போனேன். கீழே அவள் உதடு தெரிந்தது.

கதவைத் திறந்து வைத்து அங்கேயே கட்டிலைப் போடுங்கள் என்று அம்மா கேட்டாள். வாசலுக்கு நேராக நோயாளி படுக்கக் கூடாது என்றாள் அத்தை. முற்றத்தில் போடுங்கள் என்றாள் அம்மா. தெருவின் நேர்க்கோட்டில் இன்னும் ஆபத்து என்றார்கள். அப்பா இரட்டை ஷிப்டு பார்த்துவிட்டு வந்து பனையோலை விசிறியை எடுப்பார். விசிறுவார், விசிறுவார், உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார், கை மட்டும் இன்னும் கொஞ்சம் ஆடும். விசிறி கலக்கியது எல்லாம் அதே புகையை, அதே சூட்டைத்தான். ஒரு நாள் அவர் எழுந்து சுவர் சுவராகத் தடவிப் பார்த்ததைக் கண்டேன். கதவிடுக்கு, கூரை மூலை, பல்லி போகும் விரிசல், எல்லாவற்றையும்.

"எல்லாத்தயும் அடைச்சிட்டேனே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "இன்னும் எங்கேர்ந்து வருது?"

அம்மா அவரைக் கூப்பிட்டாள். அதிகம் பேச முடியாது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"இந்தாங்க. அந்த ஜன்னல... ஒடைச்சி வுடுங்க."

"அப்படிச் சொல்லாத. ஒனக்காகத்தானே எல்லாம்."

"எனக்காகத்தான். அதான்... ஒங்க மேல கோவமே... வரமாட்டேங்குது."

அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். "தொறக்கறேன்டி" என்றார். "சத்தியமா தொறக்கறேன். அவரு கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு தொறந்துடறேன்."

மறுநாளே விழுப்புரத்தில் கேட்டார். மனை பார்க்கிறவர் மறுக்கவில்லை. நோயாளி ஆசைப்பட்டால் ஒரு பரிகாரம் செய்து திறக்கலாம் என்றார். ஆனால் ஆனி பிறந்துவிட்டது. மனைக்கு அடியில் படுத்து உறங்கும் வாஸ்து புருஷன் ஆனியில் கண் விழிக்கவே மாட்டார். அந்த மாதத்தில் சுவரில் கைவைப்பது அவர் உடம்பில் கடப்பாரை இறக்குவதற்குச் சமம். ஆடியில் ஒரு நாள் விழிப்பார். அன்று காலையில் திறந்துவிடலாம்.

அப்பா ஓடிவந்து சொன்னார். "ஆடி பொறந்ததும் தொறந்துடலாம்டி. ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கோ."

அம்மா தலையசைத்தாள். நாட்காட்டியைக் கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னாள். அந்த அறையில் அதன் தாள் ஒருநாள்கூட அசைந்ததில்லை.

ஆனி முடியச் சில நாட்கள் இருக்கையில் என்னைப் பள்ளியிலிருந்து அழைத்துப் போக ஆள் வந்தது. அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டில் சொன்னார்களாம். தோல்பையோடும் டிக்கெட் கட்டோடும் தெருவின் மறுகோடியிலிருந்து ஓடிவந்தார்; தெருவே அவரைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் முட்டியது போல இருந்தது. அம்மாவை அவள் அறையிலேயே தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு விளக்கு. அடைத்த அறையில் அதன் சுடர் வரைந்து வைத்தது போல நிமிர்ந்து நின்றது.

பஞ்சாங்கம் பார்த்தவர் வாசலில் நின்று, "அவிட்டம். அடைப்பு ஆறு மாசம்" என்றார். உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அந்த வீட்டையே அத்தனை மாதம் பூட்டிவிட வேண்டும். உடம்பையும் வாசல் வழியாக எடுக்கக் கூடாது. வாசல் வழியாகப் போனால் அதே வழியில் திரும்பி வந்து இன்னொருவரைக் கூட்டிப்போகும் என்பார்கள். சுவரை இடித்து அந்த வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

கொத்தனாருக்கு ஆள் போயிற்று. கடப்பாரையோடு வந்தார். அன்று அவர் வாயில் கிண்டல் இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா, "எங்கய்யா இடிக்கறது?" என்று கேட்டார்.

கொத்தனார் சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு அடைத்த ஜன்னலில் கையை வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இங்கதாங்க சுளுவா வரும். புதுக் கட்டு. மேல லிண்டலும் இருக்குது, சுவரு தாங்கும். அடியில மட்டும் கொஞ்சம் எறக்கி இடிச்சா போதும்."

வாஸ்து புருஷன் விழித்திருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. மனை பார்க்கிறவர் செய்தி கேட்டு விழுப்புரத்திலிருந்து வந்து, வெட்டிய புங்க மரத்தின் அடிக்கட்டை அருகே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். குடையை விரிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

நாலைந்து இடியிலேயே மேல் வரிசை விழுந்தது. மாசியிலிருந்து அந்த அறை காணாத வெளிச்சம் கட்டிலில், அம்மாவின் காலில், பிறகு வயிற்றில் ஏறியது. செங்கல் தூசி அதில் சுழன்றது. கொத்தனார் கீழ்ச் சுவரையும் இறக்கி, இடிபாட்டை ஒதுக்கி வழி செய்து முடித்தபோது மணி நாலு இருக்கும்.

காற்று வந்தது.

விளக்கு அணைந்தது. அத்தை தீக்குச்சி கிழித்து ஏற்றினாள். அணைந்தது. புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு ஏற்றினாள். அதுவும் அணைந்தது. அழுது அழுது கம்மிப்போன குரலில் கத்தினாள்:

"யாராவது அந்த ஓட்டையில ஒரு கோணிய தொங்க வுடுங்களேன்டா! தலமாட்டு வெளக்கு நிக்க மாட்டேங்குது!"

பெரியப்பா ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து இடிந்த விளிம்பில் தூக்கிப் பிடித்தார். அறை மறுபடி இருண்டது. அதுவரை சுவரில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். பெரியப்பாவின் கையிலிருந்து கோணியைப் பிடுங்கி வெளியே எறிந்தார். திரும்பி வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

அம்மாவின்மேல் போர்த்தியிருந்த கோடித்துணியின் மார்புப் பக்கம் காற்றில் உப்பியது. தாழ்ந்தது. மறுபடி உப்பியது. அவசரமில்லாமல், சீராக, அந்த வீட்டில் நாங்கள் மறந்தே போயிருந்த ஒரு தாளத்தில். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே பாடை தயாராகிவிட்டது. பெரியப்பா மெல்லக் குனிந்து அப்பாவின் தோளைத் தொட்டார்.

"நேரமாவுதுடா தம்பி. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்."

அப்பா கையைத் தட்டிவிட்டார்.

"கொஞ்சம் இருங்க," என்றார். "இப்பத்தான் மூச்சு வுடறா."